வடக்கே பார்த்த எஞ்சின்

உக்காருங்க அண்ணாச்சி, தாராளமா உக்காருங்க. இந்தப் பையை மடியில வெச்சிக்கிடுதேன். கல்யாணப் பத்திரிகை, நசுங்கிறப்படாது. ஜன்னல் ஓரம் வேணும்னா மாறிக்கிடுவோம், எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். வேடிக்கை பாக்கணும்னா கழுத்தைத் திருப்பணும். நம்மளால திருப்ப முடியாது.

இந்தக் கழுத்துப் பட்டையைத்தானே பாக்கீங்க? எல்லாரும் பாக்காவ. ஆக்சிடெண்டான்னு கேக்காவ. ஆக்சிடெண்டெல்லாம் கெடையாது. வண்டி ஓட்டினேன். ஒழுங்காத்தான் ஓட்டினேன். ரெண்டு கிலோமீட்டர் ரிவர்ஸ்ல ஓட்டினேன், அவ்வளவுதான்.

ஒரு உதவி செய்யணும் அண்ணாச்சி. கொஞ்சம் திரும்பிப் பாருங்க. பொம்பளையாளு பக்கம், நாலாவது சீட்டோ அஞ்சாவது சீட்டோ, ஊதாச் சேலை. கையில எவர்சில்வர் தூக்கு இருக்கும். இருக்காளா? சரி. எம் பொஞ்சாதிதான். தங்கபுஷ்பம். முன்னால எடம் இல்லைன்னு பின்னால போயிட்டா. நீங்க பழையபடி உக்காருங்க, நான் சொல்லுதேன்.

எனக்கு உடன்குடியில கிரில் பட்டறை. பேரு லிங்கத்துரை. கேட்டு, ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வேன். முப்பது வருஷமா இரும்புதான். நான் மாட்டின கேட்டு ஒண்ணுகூட இன்னைக்கு வரைக்கும் தரையில உரசினது கெடையாது. இதை எதுக்குச் சொல்லுதேன்னா, தொழில் தெரியாதவன் ஏதோ வண்டி கட்டிட்டான்னு நீங்க நெனைச்சிறப்படாது.

எங்க குலதெய்வம் சாஸ்தா. கோயில் தேரிக்குள்ள இருக்கு. தேரி தெரியும்லா? எந்த ஊரு நீங்க? மதுரையா. அப்ப தெரியாது. சிவப்பு மண்ணு அண்ணாச்சி. மேடு மேடா, கண்ணு எட்டுற மட்டும் சிவப்பு மண்ணு. மாவு கணக்கா பொலபொலன்னு இருக்கும். ஒரு அடி எடுத்து வெச்சா அரை அடி பின்னால இழுக்கும். வைகாசிக் காத்துல நேத்து இருந்த மேடு இன்னைக்கு வேற எடத்துல இருக்கும். பனையும் முந்திரியும் அங்கங்க நிக்கும். தார் ரோட்டுல இருந்து கோயிலுக்கு ரெண்டு கிலோமீட்டர். நடக்கணும், இல்லைன்னா டிராக்டர் வெச்சுப் போவணும்.

நான் நடக்கிறவன். பங்குனி உத்திரத்துக்கு வருசா வருசம் நடந்துதான் போவேன். வெரசா நடப்பேன். என் நடைக்கு ஈடு குடுக்க எங்க சொக்காரங்கள்ல, பங்காளி வகையறாவுல, ஒருத்தன் கெடையாது. முன்னால போயி, நல்ல நெழலாப் பாத்து எடம் பிடிச்சு, அடுப்புக்கு மூணு கல்லு தேடி வெச்சிருப்பேன். யாருக்காக? அவளுக்காகத்தானே. அவதானே பொங்கல் விடணும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால உத்திரத்தன்னைக்கும் இப்படித்தான். நான் முன்னால போயாச்சு, எடம் பிடிச்சாச்சு, கல்லு வெச்சாச்சு. இவளைக் காணோம். அரை மணி நேரம் பாத்தேன். எனக்குன்னா கோவம். எங்கயோ நின்னு எவகூடயோ கதை பேசுதா போலன்னு நெனைச்சேன். பெறவு பாத்தா ரெண்டு பேரு கைத்தாங்கலாக் கூட்டிட்டு வாறாவ. முன்னப்பின்ன தெரியாத ஆளுங்க, ஆறுமுகநேரிக்காரங்க. நடுத்தேரியில மயங்கி விழுந்துட்டாளாம். விழுறதுக்கு முன்னால என்னைக் கூப்பிட்டிருக்கா. புருஷன் பேரை வாயால சொல்லாதவ அண்ணாச்சி அவ. ரேஷன் கடையில பேரு கேட்டாக்கூட கார்டைத்தான் நீட்டுவா. அப்படிப்பட்டவ அன்னைக்கு 'லிங்கத்துரை'ன்னு மூணு தடவை கூப்பிட்டிருக்கா. அந்த ஆறுமுகநேரிக்காரங்க காதுல விழுந்திருக்கு. எனக்கு விழலை. எதிர்க்காத்து. கேட்டிருந்தாத் திரும்பியிருப்பேன்லா?

தண்ணி குடிச்சிட்டு, முகத்தைத் தொடைச்சிட்டு, ஒரு வார்த்தை சொன்னா. "இனிமே உங்க பின்னால நான் தேரிக்குள்ள வர மாட்டேன்." சத்தம் போட்டெல்லாம் சொல்லலை. உப்பு கொஞ்சம் கொறைவுன்னு சொல்லுத மாதிரி சொன்னா. அடுத்த வருஷம் உத்திரத்துக்கு வரலை. நான் தனியாப் போனேன். பொங்கல் நானே விட்டேன். அடி பிடிச்சுட்டு.

இதோட போயிருந்தாப் பரவாயில்லை. போன கார்த்திகையில மகளுக்கு நிச்சயமாயிட்டு. எங்களுக்கு ஒரே பிள்ளை, அனுசியா. எங்க வழக்கம் என்னன்னா, மொதப் பத்திரிகை குலதெய்வத்துக்கு. தாயும் தகப்பனும் சேந்து போயி, தாம்பாளத்துல வெத்தலை பாக்கு பழத்தோட சாஸ்தா காலடியில வைக்கணும். அதை வெச்ச பெறவுதான் அடுத்த பத்திரிகையை வீட்டு வாசலைத் தாண்டி வெளிய எடுக்கணும். ஒத்தையாப் போயி வைக்கக் கூடாது. தாயோ தகப்பனோ இல்லாத வீட்டுலதான் அப்படி வைப்பாவ. குத்துக்கல்லாட்டம் ரெண்டு பேரும் உசுரோட இருக்கும்போது ஒத்தையா எப்படி அண்ணாச்சி?

அவகிட்ட கேட்டேன். "ஏளா, பிள்ளை கல்யாணத்துக்குக் கூட வர மாட்டியா?" அவ சொல்லுதா, "வர மாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்? உங்க பின்னால வர மாட்டேன்னுதான் சொன்னேன்."

எனக்கு உடனே வெளங்கிட்டு. அவளுக்கு நடக்க முடியலை. அதான் விஷயம். வண்டி வேணும்.

டிராக்டர் வைங்கப்பான்னு அனுசியா சொன்னா. இரும்புத் தொழில் செய்யிறவன் ஊரான் டிராக்டர்ல ஏறிப் போனா நல்லாவா இருக்கும்? அப்பத்தான் போன்ல ஒரு வீடியோ பாத்தேன். எந்த நாடோ, இதே மாதிரி மண்ணு மேடு. ஒருத்தன் ஒரு வண்டியில அந்த மேட்டுல ஏறி அந்தப் பக்கம் குதிக்கான். டூன் பக்கின்னு பேராம். பாடி கெடையாது, கதவு கெடையாது, மேல்கூரை கெடையாது. எல்லாம் பைப்பு. பைப்பை வளைச்சு வெல்டு வெச்சிருக்கான். அந்த வெல்டும் சுமார்தான். நான் இதுல பாதி நேரத்துல இதைவிட நல்லாச் செய்வேனேன்னு தோணிச்சு. அவகிட்ட கொண்டுபோயிக் காட்டினேன். "கேட்டுக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருக்கு"ன்னா. பாராட்டுதான்னு எடுத்துக்கிட்டேன்.

கல்யாணச் செலவு கழுத்தை நெரிக்குது, அதனால கையில இருக்கிறதை வெச்சுத்தான் கட்டணும்னு ஆரம்பத்துலயே முடிவு. பட்டறையில மிச்சம் கெடந்த பைப்பெல்லாம் சேத்தேன். ஒருத்தரு வீட்டு வாசலுக்கு வளைவு கேட்டு, 'நல்வரவு'ன்னு எழுத்து வெச்சுச் செஞ்சேன், பெறவு அவரு வேண்டாம்னுட்டாரு, மூணு வருஷமா மூலையில நின்னுச்சு. அதைத் தூக்கித் தலைக்கு மேல வளைவா மாட்டினேன். வண்டி கவுந்தாலும் தலை தப்பும். சீட்டுக்கு ரெண்டு பிளாஸ்டிக் சேர், காலை அறுத்துட்டு போல்ட்டு போட்டேன். சக்கரம் பழைய ஜீப்புச் சக்கரம். காத்தைப் பாதி எறக்கிட்டா மண்ணுல புதையாது.

எஞ்சினுக்குத் தூத்துக்குடி ரோட்டுல ஒரு இரும்புக்கடைக்குப் போனேன். சின்னக் காரு ஒண்ணு, பின்பக்கம் எல்லாம் நசுங்கிட்டு, முன்பக்கம் முழுசா இருக்கு. எஞ்சின், கியர் பாக்ஸ், ரேடியேட்டர் எல்லாம் ஒரே செட்டு. அப்படியே அறுத்துத் தாறேன், எடைக்கு எடுத்துக்கோன்னாரு கடைக்காரரு. நல்ல மனுஷன், குறையை மறைக்கலை. "எஞ்சின் தங்கம் அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு, ரிவர்ஸ் கியர் மட்டும் விழாது. பல்லு போயிட்டு"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. பின்னால போறதுக்கா வண்டி கட்டுதோம்? நமக்கு முன்னால போனாப் போதும்.

சில்லறைச் சாமானுக்கு எங்க போறது? வீட்டுல அவ மொபெட் நின்னுச்சு. அவ அங்கன்வாடியில வேலை பாக்கா, நாலு கிலோமீட்டர், அதுலதான் போவா. அதுல இருந்து ஹாரனை மட்டும்தான் எடுத்தேன். "தேரிக்குள்ள யாருக்கு ஹாரன் அடிக்கப் போறீங்க?"ன்னா. மயில் நிக்கும்லான்னேன். பெறவு பேட்டரி. பெறவு ஹெட்லைட்டு. மாசியில ரெண்டு கண்ணாடி. பங்குனியில ஷாக் அப்சார்பர் ரெண்டும். ஒரு நாளும் அவ முகம் சுளிச்சது கெடையாது. மினி பஸ்ல போக ஆரம்பிச்சா. மினி பஸ் அவளுக்குப் பிடிச்சுப் போச்சுன்னு நெனைக்கேன், ஒண்ணும் சொல்லலையே.

இப்பத்தான் அண்ணாச்சி முக்கியமான எடம். கொஞ்சம் கவனமாக் கேளுங்க.

எங்க வீடு தெக்கே பாத்த வீடு. வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துலதான் வண்டி கட்டுதேன். வண்டி மூஞ்சி தெருவைப் பாத்து, அதாவது தெக்கே. பின்பக்கம் வடக்கே, அங்கன அடுக்களைச் சுவரு. பக்கிக்கு எஞ்சின் பின்னாலதான் வைக்கணும். தூக்கி வைக்க அவ அண்ணன் வந்தாரு, ஜெயக்கொடி மச்சான். கட்டட மேஸ்திரி. வாஸ்து பாக்காம ஒரு செங்கல் வைக்க மாட்டாரு. அவரு வாஸ்து பாத்துக் கட்டின வீடு ரெண்டு கோர்ட்டுல கெடக்கு, அது வேற விஷயம்.

சங்கிலியில எஞ்சின் தொங்குது. நான் அதைக் காருல எப்படி இருந்துச்சோ அப்படியே தெக்கே பாக்க எறக்கப் போறேன். மச்சான் கையைப் பிடிச்சிட்டாரு. "மாப்ள, எஞ்சின்னா என்ன? நெருப்பு. நெருப்பு எரிஞ்சா அது அடுப்பு. தெக்கே பாத்து எவனாவது அடுப்பு வைப்பானா? எமன் தெசைலா? பிள்ளை கல்யாணக் காரியத்துக்குப் போற வண்டி மாப்ள."

எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கெடையாது. நான் இரும்பை நம்புறவன். ஆனா பிள்ளை கல்யாணம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாருல்லா? எதுக்கு வம்பு? எஞ்சினைத் திருப்பினோம். வடக்கே பாத்து எறக்கினோம். பாத்தா அது இன்னும் வசதியா இருக்கு, ரேடியேட்டர் வெளிப்பக்கமா வந்துட்டு, காத்து நல்லாப் படும். ரெண்டு பேரும் கை குலுக்கிக்கிட்டோம்.

அவ துணி துவைச்சிட்டிருந்தா. ஈரக் கையோட வந்து பாத்தா. பாத்துட்டு, "காரு தெக்கே போச்சுன்னா எஞ்சினும் தெக்கே பாத்துத்தானே போகும்? இப்ப வண்டி தெக்கே பாக்கு, எஞ்சின் வடக்கே பாக்கு. ரெண்டும் எந்தப் பக்கம் போகும்?"னு கேட்டா.

மச்சான் சிரிச்சிட்டாரு. நானும் சிரிச்சேன். "நீ போயி டீ போடு பிள்ளை"ன்னாரு மச்சான். போட்டா. இஞ்சி தட்டிப் போட்டிருந்தா, நல்லாருந்துச்சு.

நான் வெல்டு வெச்சா வெச்சதுதான். எஞ்சின் தாங்குற சட்டத்தை இருபத்தாறு எடத்துல பத்த வெச்சேன். மறுபடி அறுத்து எடுக்கவே முடியாத மாதிரி வெச்சேன்.

வைகாசி ரெண்டாவது ஞாயித்துக்கிழமை வெள்ளோட்டம். காலையில நல்ல நேரம் பாத்து, வண்டிக்குப் பொட்டு வெச்சு, மாலை போட்டு, தேங்கா ஒடைச்சாச்சு. நாலு சக்கரத்துக்கும் முன்னால நாலு எலுமிச்சம்பழம். தெருவே காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நிக்கு. ஏறி உக்காந்தேன். ஹாரன் அடிச்சேன். மொத கியர் போட்டு கிளட்சை விட்டேன்.

எலுமிச்சம்பழம் நாலும் அப்படியே இருந்துச்சு. அடுக்களைச் சுவருதான் விழுந்துட்டு. முழுசா இல்லை, ஜன்னலுக்குக் கீழ ஒரு ரெண்டடி. உள்ள அவ தோசை சுட்டுக்கிட்டிருந்தா. கையில தோசைக் கரண்டியோட ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா. "உள்ளயே வந்து சாப்பிடுதீங்களா, அங்க கொண்டாரணுமா?"ன்னு கேட்டா.

ரெண்டாவது கியர் போட்டுப் பாத்தோம். மூணாவது. நாலாவது. நாலும் பின்னாலதான் போகுது. எஞ்சின் திரும்பி நிக்குல்லா, சக்கரத்தைத் தலைகீழாச் சுத்துது. அப்படின்னா ரிவர்ஸ் போட்டா முன்னால போகணும். நியாயப்படி போகணும். ஆனா ரிவர்சுக்குத்தான் பல்லு இல்லையே. ஜெயக்கொடி மச்சானைத் தேடினேன். எங்கயோ அவசரமாக் கான்கிரீட்டு போடுதாவன்னு போயிட்டாராம். ஞாயித்துக்கிழமை.

அஞ்சு மாசம் அண்ணாச்சி. அஞ்சு மாசமாக் கட்டி, முன்னால ஒரு அடி போகாத வண்டி.

அன்னைக்கு முழுக்க நான் பட்டறைக்குப் போகலை. அதுக்குள்ள பத்திரிகை அச்சடிச்சு வந்து அலமாரியில இருக்கு. கல்யாணம் ஆனி கடைசியில. சம்பந்தக்காரங்க அவங்க பக்கம் ஊரு ஊராப் பத்திரிகை வெச்சுக்கிட்டு வாறாவ, நம்ம பக்கம் ஒண்ணுகூட வெளிய போகலை. மாப்பிள்ளையோட அம்மா போன்ல கேக்காவ, "ஏதும் மனசு மாறிட்டீங்களா?"ன்னு. அனுசியா பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருக்கா. பிள்ளை முகத்தை என்னால பாக்க முடியலை. பூசாரிகிட்ட வாற வெள்ளிக்கிழமைன்னு சொல்லியாச்சு. எஞ்சினை அறுத்துத் திருப்பணும்னா ரெண்டு வாரம் ஆகும். இருபத்தாறு வெல்டு.

சாயங்காலம் அவகிட்டப் போயி நின்னேன். "பின்னாலதான் போகும். ஆனா போகும். வாறியா?"

அரிசி பொடைச்சிட்டிருந்தா. சொளகைக் கீழ வெச்சா. "ரிவர்ஸ்ல ஓட்டணும்னா திரும்பிப் பாத்துக்கிட்டேதானே ஓட்டணும்?"

"ஆமா."

"ரெண்டு கிலோமீட்டரும்?"

"ஆமாளா. வேற எப்படி ஓட்ட?"

சொளகை மறுபடி கையில எடுத்தா. "அப்ப வாறேன். ஆனா என் மொபெட் கண்ணாடி ரெண்டையும் கழட்டித் தந்துருங்க"ன்னா.

ஹாரனைக் கேக்கலை, பேட்டரியைக் கேக்கலை. கண்ணாடியை மட்டும் கேட்டா. அது இருந்தாலாவது நான் கழுத்தைத் திருப்பாம கண்ணாடியைப் பாத்தே ஓட்டியிருப்பேன். அதை அவகிட்ட எடுத்துச் சொன்னேன். "தெரியும், கழட்டுங்க"ன்னா. பொம்பளைங்களுக்குச் சாமான் மேல ஒரு பிடிப்பு இருக்கு அண்ணாச்சி. கழட்டிக் குடுத்துட்டேன்.

வெள்ளிக்கிழமை வண்டியைக் குட்டியானையில ஏத்தித் தேரி ஓரத்துல கொண்டு எறக்கினோம். ரோட்டுல ஓட்டக் கூடாதுல்லா. குட்டியானை வாடகையும் கோயிலுக்கு டிராக்டர் வாடகையும் ஒண்ணுதான்னு அனுசியா சொன்னா. பிள்ளைக்குக் கணக்கு நல்லா வரும்.

வண்டிப் பின்பக்கத்தைக் கோயிலைப் பாத்து நிறுத்தியாச்சு. தாம்பாளத்தை அவ சீட்டுக்கு முன்னால தரையில வெச்சுக் கட்டியாச்சு. பத்திரிகை, வெத்தலை, பழம், மாலை எல்லாம் அதுல. "ஏறு"ன்னேன். ஏறலை. "உங்களுக்கு எஞ்சின் மறைக்கும், மேடு பள்ளம் தெரியாது. நான் முன்னால நடக்கேன். என்னைப் பாத்துக்கிட்டே வாங்க"ன்னா.

நடந்தா. நான் சீட்டுல திரும்பி உக்காந்து, எடது தோளுக்கு மேல பின்னால பாத்துக்கிட்டு, கையை மட்டும் ஸ்டீரிங்குல வெச்சுக்கிட்டு, அவ பின்னாலயே போறேன். வண்டி ஒண்ணும் சொல்ல முடியாது அண்ணாச்சி, ரெண்டாவது கியர்ல வெண்ணெயாப் போச்சு. ஜீப்புச் சக்கரம் புதையவே இல்லை. நான் முன்னப்பின்ன யாரு பின்னாலயும் போனவன் இல்லை. வேற பாக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை. அவளைத்தான் பாக்கணும்.

அவ நடக்கிறதை நான் பாத்ததே இல்லை அண்ணாச்சி.

கல்யாணம் ஆயி இருபத்தாறு வருஷம். நிக்கிறதைப் பாத்திருக்கேன், உக்காந்திருக்கிறதைப் பாத்திருக்கேன், வீட்டுக்குள்ள குறுக்க நெடுக்கப் போறதைப் பாத்திருக்கேன். இவ்வளவு தூரம் நடக்கிறதைப் பாத்தது கெடையாது. நான்தான் முன்னால போயிருவேனே. அன்னைக்குப் பாக்கேன், எடது காலு சரியா ஊணலை. இழுத்து இழுத்து வைக்கா. மண்ணுல வலது காலுக்குத் தடம் இருக்கு. எடது காலுக்குக் கோடுதான் இருக்கு.

வண்டியை நிறுத்தினேன். "என்னளா காலுல, முள்ளு குத்திட்டா?"

"இல்லையே."

"இழுக்கியே."

"அது எப்பவும் அப்படித்தான்."

"எப்பவும்னா?"

"அனுசியா வயித்துல இருக்கும்போது படியில விழுந்தேன்லா, அப்ப இருந்து"ன்னா. சும்மா சொன்னா. சேலைத் தலைப்பால முகத்தைத் தொடைச்சிக்கிட்டே சொன்னா.

அனுசியாவுக்கு இருபத்திநாலு வயசு. இவ படியில விழுந்ததே எனக்கு நெனைவு இல்லை. பெறவு விசாரிச்சேன், ஊருல எல்லாருக்கும் தெரியுமாம். ஜெயக்கொடி மச்சானுக்குத் தெரியும், எங்க அனுசியாவுக்குத் தெரியும். அங்கன்வாடிப் பிள்ளைங்க டீச்சர் மாதிரி நடந்து காட்டுன்னா இழுத்து நடந்து காட்டுமாம். எனக்கு மட்டும்தான் தெரியாது.

எனக்கு வெக்கமாப் போச்சு அண்ணாச்சி. அந்த வெயில்ல, நல்வரவு வளைவுக்குக் கீழ, பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துக்கிட்டு, "ஏறிக்கோளா"ன்னேன். ஏறினா. எனக்குப் பக்கத்துல, பின்பக்கமா மண்டி போட்டு, சேர் முதுகைப் பிடிச்சுக்கிட்டு, 'எடது, வலது, பைய, பள்ளம்'னு சொல்லிக்கிட்டே வந்தா. அவ சொன்ன பக்கமெல்லாம் ஒடிச்சேன். ஒரு எடத்துல மயிலு நின்னுச்சு. அவளே கையை நீட்டி ஹாரனை அடிச்சா.

கோயிலு கண்ணுக்குத் தெரியுது, ஒரு முந்நூறு அடி இருக்கும், ரேடியேட்டர் கொதிச்சு நின்னுட்டு. வடக்கே பாத்தாக் காத்து நல்லாப் படும்னு சொன்னேன்லா, காத்து கூடவே மண்ணும் படும்னு எனக்கும் மச்சானுக்கும் தோணலை. சரி நடப்போம்னு எறங்கினேன். எறங்கிப் பாத்தா, கழுத்து வர மாட்டேங்குது. எடது பக்கம் திரும்பின கழுத்து, திரும்பின மேனிக்கே நிக்கு. முன்னால என்ன இருக்குன்னு எனக்குத் தெரியலை. பக்கத்துல அவ நிக்கிறதுதான் தெரியுது.

அவதான் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா. அந்த முந்நூறு அடியும் அவ நடைக்குத்தான் நான் நடந்தேன். வேற வழி? பூசாரி பாத்துட்டு, "சாமி இந்தப் பக்கம்லா இருக்கு, அங்க என்ன பாக்கீங்க?"ன்னு கேட்டாரு. ரெண்டு பேரும் சேந்து தாம்பாளத்தைப் பிடிச்சுப் பத்திரிகையை வெச்சோம். சாஸ்தா முகத்தை நான் பாக்கலை. பாக்க முடியலை. தீபாராதனை வெளிச்சம் அவ முகத்துல பட்டது, அதைப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டேன்.

மறுநாள் டாக்டர்கிட்டப் போனோம். மெதுவா நேராக்கி, இந்தப் பட்டையைப் போட்டு விட்டாரு. "மூணு வாரத்துக்குத் திரும்பியே பாக்கக் கூடாது"ன்னாரு. அவளுக்குச் சிரிப்பு வந்துட்டு. "இருபத்தாறு வருஷமா அப்படித்தான் டாக்டர் இருக்காவ. மருந்துச் சீட்டுல வேற எழுதணுமா?"ன்னா. டாக்டரும் சிரிச்சாரு. எனக்குச் சிரிச்சாக் கழுத்து வலிக்கும், நான் சிரிக்கலை.

வண்டியா? அங்கதான் கெடக்கு, தேரிக்குள்ள. கொதிச்ச எஞ்சின் இப்ப பின்னாலயும் போகாது, முன்னால எப்பவுமே போகாது. காத்துல மண்ணு ஏறிக்கிட்டு வருதாம். நேத்து ஒரு ஆளு வந்து சொல்லுதாரு, நல்வரவுங்கிற எழுத்து மட்டும்தான் மேல தெரியுதாம், யாரோ ஒரு எலுமிச்சம்பழம் வெச்சிருக்காவளாம். வண்டின்னா வைக்கத்தானே செய்வாவ.

கழுத்து சரியான ஒடனே போயி மண்ணைத் தோண்டி அந்த ஷாக் அப்சார்பரையும் பேட்டரியையும் கழட்டிட்டு வரணும். மினி பஸ் படி ரொம்ப ஒசரம் அண்ணாச்சி. இந்த ஒரு வாரமா ஸ்டாப்பு வரைக்கும் கூடப் போறேன், அதான் தெரியுது. எடது காலைத் தூக்கி வைக்க அவளுக்கு ரெண்டு கையும் வேணும். அஞ்சு மாசமா அதுலதான் ஏறி எறங்கியிருக்கா. தேரிக்கு அவளையும் கூட்டிட்டுத்தான் போகணும், வழி அவளுக்குத்தான் தெரியும்.

நாசரேத்து வந்துட்டா? என் சித்தப்பா மக வீடு இங்கதான், சாஸ்தாவுக்கு வெச்ச பெறவு மொதப் பத்திரிகை இங்க. இல்லை இல்லை, எழுந்திரிக்காதீங்க, நான் இப்ப எறங்கலை. முன்னயெல்லாம் பஸ்ஸு நிக்கிறதுக்கு முன்னாலயே குதிச்சு எறங்கி, பாதித் தெரு போயிருப்பேன்.

கொஞ்சம் மறுபடி திரும்பிப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. எழுந்திரிச்சிட்டாளா? கம்பியைப் பிடிச்சிருக்காளா? பைய வரட்டும், கண்டக்டர்கிட்ட விசில் அடிச்சிற வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ எறங்கின பெறவு நான் எறங்கிக்கிடுதேன்.